கேள்வி – பதில்: ‘ஏற்கெனவே’ என்றொரு சொல்

ஜப்பான், தென்கொரியா, சீனா ஆகிய நாடுகளின் உறவு குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஆகவே இந்த இதழில் இப்பகுதி முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கப்படுகிறது. ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

வாசகர், கும்பகோணம்: 1965இல் ஜப்பானும் தென்கொரியாவும் உடன்படிக்கை செய்துகொண்டன, பணமும் கைமாறிவிட்டது. அறுபது ஆண்டுகள் கழிந்தும் பழைய கணக்கைக் கிளறுவது ஏன்? வாங்கிக்கொண்டவர்களே மறுபடியும் கேட்பது நியாயமா?

உங்கள் கேள்வியின் பின்பகுதியை ஜப்பானியர் பலரும் ஏறத்தாழ இதே சொற்களில்தான் கேட்கிறார்கள். அதற்கு விடை தேடினால் அந்த உடன்படிக்கையில் உள்ள ஒரு சொல்லில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

ஜப்பான் 1905இல் கொரியாவைத் தன் பாதுகாப்புக்கு உட்பட்ட நாடாக ஆக்கிக்கொண்டது. 1910இல் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 1945 ஆகஸ்ட் 15 வரை அந்த ஆட்சி நீடித்தது. போருக்குப் பின் உறவைச் சீர்செய்வதற்கான பேச்சுவார்த்தை 1951 அக்டோபரில் தொடங்கியது. முடிவதற்குப் பதினான்கு ஆண்டுகள் பிடித்தன. இடையில் 1953இல், ஜப்பானியத் தூதுக்குழுத் தலைவர் குபோடா தங்கள் ஆட்சியால் கொரியாவுக்கு நன்மையும் விளைந்தது என்று சொல்லப்போக, பேச்சு முறிந்து பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. கடைசியில் 1965 ஜூன் 22 அன்று கையெழுத்தானது. அதற்கு முந்தைய ஆண்டே இந்தப் பேச்சுக்கு எதிராக மாணவர்கள் தெருவில் இறங்கியதால், அதிபர் பார்க் சுங் ஹீ சியோலில் ராணுவச் சட்டத்தை அறிவிக்க வேண்டியிருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அந்தக் கையெழுத்துக்குக் கொரிய மக்களிடையே எவ்வளவு ஒப்புதல் இருந்திருக்கும் என்பது விளங்கும்.

பழைய இணைப்பு ஒப்பந்தங்களை என்ன செய்வது என்பதுதான் பெரிய சிக்கல். அவை தொடக்கம் முதலே சட்டவிரோதமானவை, துப்பாக்கி முனையில் வாங்கப்பட்டவை என்பது கொரியாவின் நிலை. அக்காலச் சட்டப்படி அவை செல்லுபடியானவையே, பின்னால்தான் காலாவதியாயின என்பது ஜப்பானின் நிலை. இந்த இரண்டுக்கும் நடுவே உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு அவை ‘ஏற்கெனவே செல்லாதவை’ என்று எழுதி வைத்தது. எப்போதிலிருந்து ஏற்கெனவே என்று சொல்லவில்லை. சியோல் அதை ‘1910 முதலே’ என்று தன் நாடாளுமன்றத்தில் விளக்கியது. டோக்கியோ ‘இப்போது இல்லை’ என்று தன் நாடாளுமன்றத்தில் விளக்கியது. ஜப்பானியம், கொரியம், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் எழுதி, வேறுபாடு வந்தால் ஆங்கில வாசகமே செல்லும் என்றும் சேர்த்தார்கள். அந்த ஆங்கில வாசகமும் இரண்டு பக்கமும் சாயக்கூடியதாகவே இருந்தது. கவனக்குறைவால் நேர்ந்த பிழை இது என்று எண்ணிவிட வேண்டாம். இப்படி ஒரு சொல் கிடைத்திராவிட்டால் உடன்படிக்கையே கிடைத்திருக்காது.

பணம் 30 கோடி டாலர் மானியமாகவும் 20 கோடி டாலர் சலுகைக் கடனாகவும் தரப்பட்டது. அதற்குப் பெயர் இழப்பீடு அல்ல, ‘பொருளாதார ஒத்துழைப்பு’. வாங்கியவர்கள் யார் என்று கேட்டால், கொரிய அரசு. போர்க்காலத்தில் ஜப்பானின் சுரங்கத்திலும் உருக்காலையிலும் கட்டாயமாக உழைக்கவைக்கப்பட்டவர்கள் அல்லர்.

வாசகி, மதுரை: 2018இல் கொரிய நீதிமன்றம் ஜப்பானிய நிறுவனங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்ததும், 2023இல் கொரியாவே அந்தப் பணத்தைக் கொடுத்ததும் விந்தையாக இருக்கின்றன. விளக்க முடியுமா?

முன் பதிலில் சொன்ன ‘ஏற்கெனவே’ இங்கே திரும்பி வருகிறது. போர்க்காலத்தில் ஜப்பானிய ஆலைகளில் கட்டாய வேலை செய்த நான்கு பேருக்குத் தலா 10 கோடி வான் தர வேண்டும் என்று 2018 அக்டோபர் 30 அன்று தென்கொரிய உச்ச நீதிமன்றம் நிப்பான் ஸ்டீல் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அடுத்த மாதம் மிட்சுபிஷி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்துக்கும் அதே கதி. தீர்ப்பின் அடிப்படை இதுதான்: 1965இல் தீர்க்கப்பட்டது பணப்பாக்கி; சட்டவிரோதமான காலனி ஆட்சியோடு பிணைந்த கொடுமைக்கான மனவேதனை இழப்பீடு அந்தக் கணக்கில் சேரவில்லை. ஆட்சி சட்டவிரோதமானது என்ற கொரிய வாசிப்பை ஏற்றால் மட்டுமே இந்த வாதம் நிற்கும். கோரிக்கைகள் ‘முழுமையாகவும் இறுதியாகவும்’ தீர்ந்தன என்று எழுதியதை நீதிமன்றம் மீறிவிட்டது என்று ஜப்பான் கொதித்தது. ராஜதந்திரிகள் 53 ஆண்டுகள் மூடி வைத்திருந்த ஒரு சொல்லை நீதிபதிகள் திறந்து, ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

கொரிய அரசின் பக்கமும் சுத்தமானதல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். பேச்சுவார்த்தை ஆவணங்கள் 2005இல் வெளியிடப்பட்டபோது, தனிநபர்களுக்கான தொகையையும் தன்னிடமே தரும்படி அன்றைய அரசு கேட்டிருந்தது தெரியவந்தது. 1970களில் அது இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 3 லட்சம் வான் கொடுத்தது. உயிரோடு திரும்பியவர்களுக்கு அப்போது ஒன்றுமில்லை. பெரும்பகுதிப் பணம் பொஹாங் உருக்காலை முதலிய திட்டங்களுக்குப் போயிற்று. நாடு வளர்ந்ததை மறுக்க முடியாது. ஆனால் யாருடைய பணத்தில் வளர்ந்தது என்ற கேள்வியையும் மறுக்க முடியாது.

2023 மார்ச் 6 அன்று அதிபர் யூன் சுக் இயோலின் அரசு அறிவித்த வழி இந்த முரணை ஒருவகையில் ஒப்புக்கொண்டது. தீர்ப்புத் தொகையைக் கொரிய அரசின்கீழ் இயங்கும் ஓர் அறக்கட்டளையே கொடுக்கும். நன்கொடை தருபவை 1965 பணத்தால் பயன்பெற்ற கொரிய நிறுவனங்கள். பொஹாங் ஆலையின் இன்றைய நிறுவனமான போஸ்கோ 400 கோடி வான் கொடுத்தது. ஜப்பானிய நிறுவனங்கள் ஒரு வான்கூடத் தரவில்லை. வழக்காடிய முதியவர்களில் சிலர் அத்தொகையை வாங்க மறுத்தார்கள். தங்களுக்கு வேண்டியது தொகையல்ல, கொடுக்க வேண்டியவர் கொடுப்பது என்றார்கள். அந்த மறுப்பு எனக்குப் பிடிவாதமாகத் தோன்றவில்லை.

வாசகி, திருநெல்வேலி: ‘ஆறுதல் பெண்கள்’ என்று சொல்லப்படுகிறவர்களின் பிரச்சினை 2015இல் முடிந்துவிட்டதாகப் படித்தேனே?

‘இறுதியாக, மீட்டுத் திறக்க முடியாதபடி’ முடிந்தது என்றுதான் 2015 டிசம்பர் 28 அன்று இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் அறிவித்தார்கள். ஜப்பானிய ராணுவத்தின் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களுக்கு அந்த மங்கலான பெயரைச் சூட்டியது அந்த ராணுவம்தான். வேறு சொல் பரவாததால் அதையே எல்லோரும் மேற்கோள் குறிக்குள் வைத்து எழுதுகிறோம். 1991 ஆகஸ்ட் 14 அன்று கிம் ஹாக் சுன் என்ற மூதாட்டி தம் பெயரோடும் முகத்தோடும் முன்வந்து பேசும்வரை, இரண்டு அரசுகளுமே இதைப் பேச்சில் எடுக்காமல் காலம் தள்ளின. 1993இல் ஜப்பான் அரசு வெளியிட்ட கோனோ அறிக்கை ராணுவத்தின் பங்கை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது.

2015 ஏற்பாட்டில் ஜப்பான் அரசு 100 கோடி யென் தந்தது. ஆனால் இரு தரப்பும் கையெழுத்திட்ட தாள் ஒன்றும் இல்லை. அமைச்சர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று தத்தம் அறிக்கையைப் படித்தார்கள். சியோலில் ஜப்பானியத் தூதரகத்தின் முன் அந்தப் பெண்களின் நினைவாக வைக்கப்பட்டுள்ள சிறுமி சிலையைப் பற்றி, ‘உரிய முறையில் தீர்க்க முயல்வோம்’ என்றது கொரியா. அகற்றுவதாக வாக்களித்தார்கள் என்று ஜப்பான் புரிந்துகொண்டது, முயல்வதாக மட்டுமே சொன்னோம் என்றது கொரியா. பெண்களை முன்கூட்டிக் கலந்துபேசவில்லை என்ற குறை கொரியாவின் அடுத்த ஆட்சியில் பெரிதாக வெடித்து, அந்தப் பணத்தில் அமைந்த அறக்கட்டளை கலைக்கப்படும் என்று 2018 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அன்று அறிக்கை படித்த ஜப்பானிய அமைச்சர் ஃபுமியோ கிஷிடா. 2023இல் பிரதமராக யூனை வரவேற்றவரும் அவரே. இம்முறையாவது நீடிக்குமா என்று அவர் தயங்கியதில் வியப்பில்லை.

வாசகர், கோயம்புத்தூர்: இரண்டு நாடுகளிலும் அமெரிக்கப் படை இருக்கிறது. அப்படியிருக்க, ராணுவத் தகவல் பரிமாற்ற ஒப்பந்தம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு 2019இல் அவ்வளவு சண்டை எதற்கு?

தென்கொரியாவில் சுமார் 28,500 அமெரிக்கப் படையினரும் ஜப்பானில் 50,000க்கும் மேற்பட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அமெரிக்கா ஜப்பானுடன் 1951இலும் (1960இல் திருத்தப்பட்டது) தென்கொரியாவுடன் 1953இலும் தனித்தனியே ஒப்பந்தம் செய்தது. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் குடத்தோடு இணைந்திருக்கும், ஒன்றோடொன்று இணைந்திருக்கா. டோக்கியோவுக்கும் சியோலுக்கும் நடுவே ராணுவ ரகசியம் எதுவும் நேராகப் போகவில்லை.

வடகொரியா இதைச் சங்கடமாக்கியது. 1998இல் அதன் ஏவுகணை ஜப்பானைத் தாண்டிப் பசிபிக்கில் விழுந்தது. 2017இலும் 2022இலும் மறுபடி தாண்டிப் பறந்தன. பூமி உருண்டை என்பதால், ஜப்பானிய ராடாருக்கு ஏவுகணை ஓரளவு உயரம் எழும்பிய பிறகே தெரியும். கிளம்புவதை முதலில் காண்பது தென்கொரியா. எதிர்ப்பக்கத்தில், கிழக்கே கடலில் அது விழும் கடைசிக் கட்டத்தை நன்றாகத் தொடர்வது ஜப்பானின் ராடார்களும் போர்க்கப்பல்களும். உளவு செயற்கைக்கோள்களும் அதனிடம் உண்டு. ஆளுக்குப் பாதி தெரிகிறது. இரண்டு பாதியையும் வாஷிங்டன் வழியாகச் சேர்ப்பதற்குள் ஏவுகணையே விழுந்துவிடும்.

இவ்வளவு தெளிவான தேவை இருந்தும் அந்த ஒப்பந்தம் பிறந்த கதையைப் பாருங்கள். 2012 ஜூன் 29 அன்று கையெழுத்திடக் குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லாதபோது கொரியா பின்வாங்கியது. அமைச்சரவையில் சத்தமில்லாமல் நிறைவேற்றியது வெளியே தெரிந்து கொந்தளிப்பாகிவிட்டது. 2014இல் அமெரிக்காவை நடுவில் வைத்து ஒரு மாற்று ஏற்பாடு செய்தார்கள். 2016 நவம்பர் 23 அன்று ஒருவழியாக நேரடி ஒப்பந்தம் கையெழுத்தானது.

பிறகு 2018 தீர்ப்பு வந்தது. 2019 ஜூலையில் ஜப்பான், மின்னணுச் சில்லுகளும் திரைகளும் செய்வதற்கு இன்றியமையாத மூன்று பொருள்களின் ஏற்றுமதிக்குத் தனித்தனி அனுமதி வேண்டும் என்றது: ஹைட்ரஜன் ஃபுளூரைடு, ஃபோட்டோரெசிஸ்ட், ஃபுளூரினேற்றிய பாலிஇமைடு. காரணம் பாதுகாப்பு என்று சொன்னது. தீர்ப்புக்குப் பதிலடி என்பதை ஒருவரும் நம்பாமலில்லை. ஆகஸ்டில் நம்பகமான நாடுகளின் பட்டியலிலிருந்தும் கொரியாவை நீக்கியது. நம்பிக்கைக்கு உரியவரில்லை என்று சொல்லும் நாட்டோடு ராணுவ ரகசியத்தை எப்படிப் பகிர்வது என்று கேட்டு, ஆகஸ்ட் 22 அன்று சியோல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தது. தர்க்கம் சரிதான், ஆனால் தன் கண்ணில் ஒன்றைத் தானே மூடிக்கொள்ளும் தர்க்கம். வாஷிங்டனின் நெருக்குதலால், ஒப்பந்தம் முடிய ஒரு நாள்கூட இல்லாத நிலையில், நவம்பர் 22 அன்று அந்த மறுப்பு ‘நிறுத்திவைக்கப்பட்டது’. முடிந்ததா தொடர்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியாத அந்த நிலையிலேயே மூன்றாண்டுக்கு மேல் தகவல் போய்வந்துகொண்டிருந்தது. 2023 மார்ச்சில்தான் முழுமையாக மீட்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஏவுகணை எச்சரிக்கைத் தகவல்களை அமெரிக்காவையும் சேர்த்து மூன்று நாடுகளும் உடனுக்குடன் பகிரும் முறை செயலுக்கு வந்தது.

வாசகர், வேலூர்: கொரியப் போர்க்கப்பல் ஜப்பானிய விமானத்தைக் குறிவைத்த விவகாரத்தில் யார் சொன்னது உண்மை?

2018 டிசம்பர் 20 அன்று தென்கொரியப் போர்க்கப்பலான குவாங்கேட்டோ, ஜப்பானிய ரோந்து விமானத்தின்மீது சுடுவதற்கு முன் இலக்கைப் பூட்டும் ராடாரைப் பாய்ச்சியது என்றது ஜப்பான். அப்படிச் செய்யவில்லை, விமானம்தான் ஆபத்தாகத் தாழப் பறந்தது என்றது கொரியா. இருவரும் காணொளி வெளியிட்டார்கள். 2024 ஜூன் 1 அன்று சிங்கப்பூரில் சந்தித்த பாதுகாப்பு அமைச்சர்கள், இனி கடலில் எதிர்ப்பட்டால் எப்படி நடந்துகொள்வது என்ற விதிகளை ஏற்று விவகாரத்தை மூடினார்கள். நடந்தது என்ன என்பதில் இரு தரப்பும் தத்தம் நிலையை மாற்றிக்கொள்ளவே இல்லை. ஐந்தரை ஆண்டுப் பிணக்கை உண்மை எது என்று முடிவு செய்யாமலே தீர்த்தார்கள், தீர்த்ததும் அதனால்தான்.

வாசகர், ராமநாதபுரம்: டோக்டோ தீவு யாருக்குச் சொந்தம்?

கையில் வைத்திருப்பது தென்கொரியா. ஜப்பான் அதைத் தகேஷிமா என்று அழைத்துத் தனது என்கிறது. எல்லாப் பாறைகளையும் கூட்டினாலும் 0.19 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கும் இடம். 1952 ஜனவரியில், சான்ஃபிரான்சிஸ்கோ சமாதான ஒப்பந்தம் நடைமுறைக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, அதிபர் சிங்மன் ரீ கடலில் ஒரு கோடு கிழித்துத் தீவை உள்ளே சேர்த்துக்கொண்டார். கோட்டைத் தாண்டிய ஜப்பானியப் படகுகள் பிடிக்கப்பட்டன. 1905இல் ஜப்பான் அத்தீவைத் தன் ஷிமானே மாவட்டத்தோடு சேர்த்துக்கொண்டது கொரியாவையே விழுங்கியதன் முதல் வாய் என்று கொரியர்கள் பார்க்கிறார்கள். அதனால் அவர்களுக்கு இது மீன்பிடி விவகாரம் அல்ல. சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று ஜப்பான் 1954 முதல் கேட்டுப்பார்த்துவிட்டது. தகராறே இல்லாத இடத்துக்கு வழக்கு எதற்கு என்பதே சியோலின் மாறாத பதில்.

1965இல் இதையும் சொல்லாமல் விட்டே கடந்தார்கள். ‘இரு நாடுகளிடையிலான தகராறுகளை’ முதலில் பேசித் தீர்ப்பது என்று கடிதம் மாற்றிக்கொண்டார்கள். அதில் தீவின் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அது தகராறில் சேராது என்றது கொரியா, சேரும் என்றது ஜப்பான். 1999இல் நடைமுறைக்கு வந்த மீன்பிடி ஒப்பந்தமும் தீவைச் சுற்றியுள்ள கடலைப் பொதுவான இடைப்பகுதியாக வைத்துவிட்டு, தீவைப் பற்றி வாய்திறக்கவில்லை. மீனவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. 2012 ஆகஸ்டில் அதிபர் லீ மியுங் பாக் நேரில் போய் இறங்கியபோது பாறைகளின் நிலை ஒரு அங்குலமும் மாறவில்லை, உறவுதான் இறங்கிப்போயிற்று.

வாசகர், தஞ்சாவூர்: சீனாவும் ஜப்பானும் 1972இல் கைகுலுக்கின. தைவானைப் பற்றி ஜப்பானியப் பிரதமர் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக 2025இல் சீனா மீன் வாங்குவதையே நிறுத்தியது மிகையில்லையா?

1972 செப்டம்பரில் பெய்ஜிங் சென்ற பிரதமர் ககுயெய் தனகா, விருந்தில் பேசும்போது ஜப்பான் சீன மக்களுக்குப் ‘பெருந்தொல்லை’ கொடுத்துவிட்டதை வருத்தத்தோடு குறிப்பிட்டார். அவர் சொன்ன ஜப்பானியச் சொல் சீனத்தில் மிக லேசான சொல்லாக மொழிபெயர்க்கப்பட்டது. மறுநாள் சீனப் பிரதமர் சௌ என்லாய், ஒரு பெண்ணின் பாவாடையில் தண்ணீர் தெளித்துவிட்டால் சொல்லும் சொல் அது என்று கடிந்துகொண்டார். லட்சக்கணக்கானோர் மடிந்த போரை அந்தச் சொல்லால் கடக்க முடியாதல்லவா! செப்டம்பர் 29 அன்று வெளியான கூட்டறிக்கையில், போரால் விளைந்த பெருஞ்சேதத்துக்கான பொறுப்பை ஜப்பான் ‘ஆழ்ந்து உணர்ந்து கண்டித்துக்கொள்கிறது’ என்று சொல்லைத் திருத்தினார்கள். சீனா போர் இழப்பீட்டைக் கைவிட்டது.

அதே அறிக்கையில்தான் உங்கள் கேள்வியின் வேர் இருக்கிறது. தைவான் தன் பிரிக்க முடியாத பகுதி என்று சீனா சொல்ல, ஜப்பான் அந்த நிலைப்பாட்டை ‘முழுமையாகப் புரிந்துகொண்டு மதிக்கிறது’ என்று எழுதப்பட்டது. ஏற்கிறது என்று எழுதப்படவில்லை. பெய்ஜிங் ஏற்றுக்கொண்டார்கள் என்று படித்தது. டோக்கியோ மதித்தோம், அவ்வளவுதான் என்று படித்தது. இரு நாடுகளும் உரிமை கோரும் செங்காகு தீவுகளுக்கும், அதாவது சீனர்களின் தியாவ்யூ தீவுகளுக்கும், இதே வைத்தியம்தான். 1978 அக்டோபரில் டோக்கியோ வந்த சீனத் தலைவர் டெங் ஜியோபிங், எங்கள் தலைமுறைக்குப் போதிய அறிவில்லை, அடுத்த தலைமுறை பார்த்துக்கொள்ளட்டும் என்ற பொருளில் பத்திரிகையாளர்களிடம் சொல்லிச் சிரித்தார். அப்படித் தள்ளிவைக்க ஒப்புக்கொண்டதே இல்லை என்பது ஜப்பானின் பின்னாளைய நிலை.

2012இல் டோக்கியோ ஆளுநர் ஷின்டாரோ இஷிஹாரா, தனியாரிடமிருந்த தீவுகளை மாநகர அரசின் பெயரில் வாங்கப்போவதாகக் கிளம்பினார். அவர் கையில் போனால் வம்பு பெருகும் என்று அஞ்சிய மத்திய அரசு முந்திக்கொண்டு, 205 கோடி யென் கொடுத்து மூன்று தீவுகளைச் செப்டம்பர் 11 அன்று வாங்கியது. வம்பைத் தவிர்க்கச் செய்ததைச் சீனா தேசியமயமாக்கல் என்று படித்தது. சீன நகரங்களில் ஜப்பானியக் கடைகள் தாக்கப்பட்டன; சீனக் கடலோரக் காவல் கப்பல்கள் அந்தத் தீவுகளைச் சுற்றிவருவது வாடிக்கையாயிற்று. 2014 நவம்பரில் ஜப்பானியப் பிரதமர் ஷின்சோ அபேயும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் முகத்தை இறுக்கிக்கொண்டு கைகுலுக்குவதற்காக மீண்டும் ஒரு வாசகம் தயாரானது: தீவுகளையொட்டி அண்மையில் எழுந்த பதற்றம் குறித்து ‘மாறுபட்ட கருத்துகள் உள்ளன’ என்பதை இரு தரப்பும் அறிகின்றன. தகராறு இருப்பதை ஜப்பான் ஒப்புக்கொண்டதாகச் சீனா சொல்லிக்கொள்ளலாம்; பதற்றத்தைப் பற்றித்தான் பேசினோம் என்று ஜப்பான் சொல்லிக்கொள்ளலாம்.

2025 நவம்பர் 7 அன்று பிரதமர் சனாயே தகாய்ச்சி நாடாளுமன்றக் குழுவில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரின் கேள்விக்கு விடையளிக்கையில், தைவானைச் சுற்றிப் போர்க்கப்பல்களோடு படைபலம் பயன்படுத்தப்பட்டால் அது ஜப்பானின் ‘இருப்புக்கே ஆபத்தான நிலை’ ஆகக்கூடும் என்றார். இது வெறும் கவலைச் சொல் அல்ல. 2015 பாதுகாப்புச் சட்டத்தில் இடம்பெற்ற சட்டச்சொல். அந்த நிலை அறிவிக்கப்பட்டால் ஜப்பான் தான் தாக்கப்படாமலேயே நட்பு நாட்டுக்காகப் படையைப் பயன்படுத்தலாம். ஜப்பானின் யோனகுனி தீவிலிருந்து தைவான் 110 கிலோமீட்டர்தான். ஆகவே பதவியில் இருந்த எல்லாப் பிரதமர்களுக்கும் இந்த எண்ணம் இருந்தே இருக்கும். வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தார்கள். சீனா ஜப்பானுக்குச் சுற்றுலா போக வேண்டாமென்று தன் மக்களை அறிவுறுத்தியது. ஃபுகுஷிமா அணு உலை நீரைக் கடலில் விட்ட விவகாரத்தில் 2023 முதல் தடுத்து, 2025 நடுவில்தான் ஓரளவு திறந்திருந்த கடலுணவு இறக்குமதியை மீண்டும் அடைத்தது. மிகையா என்று கேட்டால், மிகைதான். தைவானைப் பற்றி எவரும் இனி உரக்கப் பேசக் கூடாது என்று மற்ற நாடுகளுக்கும் கேட்கும்படி செய்த மிகை.

வாசகர், ஸ்ரீபெரும்புதூர்: எங்கள் பக்கத்தில் கொரிய, ஜப்பானிய ஆலைகள் அருகருகே நடக்கின்றன. அரசுகள்தான் சண்டையிடுகின்றனவா, மக்களுமா?

2019இல் மக்களும்தான். ஜப்பானியப் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் கொரியாவில் பரவி, ஜப்பானிய பீர் அலமாரிகளிலிருந்து மறைந்தது. ஆனால் 2024இல் ஜப்பானுக்குச் சென்ற கொரியர்கள் சுமார் 88 லட்சம். வேறெந்த நாட்டினரும் அவ்வளவு பேர் அங்கே போகவில்லை. கொரியாவுக்கு வந்த ஜப்பானியர் 32 லட்சத்துக்கும் மேல். இளைஞர்கள் ஒருவர் நாட்டு நூடுல்ஸையும் மற்றவர் நாட்டுப் பாட்டையும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வாசகி, காரைக்குடி: சீனா தென்கொரியாவையும் இப்படித் தண்டித்ததுண்டா?

உண்டு; அதைத் தாங்கியது ஒரு கடைக்காரர் என்று சொல்லலாம். வடகொரிய ஏவுகணைகளைத் தடுக்க, அமெரிக்காவின் தாட் என்ற அமைப்பை நிறுவப்போவதாக 2016 ஜூலையில் சியோல் அறிவித்தது. அதன் ராடார் தன் நாட்டுக்குள் எட்டிப்பார்க்கும் என்றது சீனா. சோங்ஜு என்ற ஊரில் லோட்டே என்ற கொரிய வணிகக் குழுமத்துக்குச் சொந்தமான கோல்ஃப் மைதானம் அதற்கு இடமாயிற்று. உடனே சீனாவிலிருந்த லோட்டே கடைகளில் தீயணைப்பு விதிமீறல் கண்டுபிடிக்கப்பட்டு, பெரும்பாலானவை மூடப்பட்டன. கடைசியில் அந்நிறுவனம் அங்கே கடைநடத்துவதையே விட்டுவிட்டது. சுற்றுலாக் குழுக்கள் நின்றுபோனதால், 2016இல் 80 லட்சமாக இருந்த சீனப் பயணிகளின் எண்ணிக்கை அடுத்த ஆண்டு ஏறத்தாழப் பாதியாயிற்று. தடை என்று எழுத்தில் எங்கும் இல்லை என்பதால் வழக்கும் போட முடியவில்லை.

2017 அக்டோபர் இறுதியில் சமாதானம் வந்தது. மேலும் தாட் வேண்டாம், அமெரிக்காவின் ஏவுகணைத் தடுப்பு வலையில் சேர மாட்டோம், ஜப்பானோடு முத்தரப்பு ராணுவக் கூட்டணி இல்லை என்று கொரிய வெளியுறவு அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். அது எங்கள் அப்போதைய நிலைப்பாடு என்கிறது சியோல். கொடுத்த வாக்கு என்கிறது பெய்ஜிங். கும்பகோணம் வாசகருக்கு எழுதியதையே மீண்டும் எழுதுவதுபோல் இருக்கிறது.

வாசகர், சேலம்: இவர்கள் ஐரோப்பாவைப்போல ஒரு ராணுவக் கூட்டணி அமைத்துக்கொண்டால் என்ன?

ஷிகெரு இஷிபா 2024இல் பிரதமராவதற்குச் சற்று முன்பு ‘ஆசிய நேட்டோ’ என்று எழுதினார். பதவிக்கு வந்ததும் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஜப்பான் அரசியலமைப்பின் ஒன்பதாம் பிரிவு போரைத் துறக்கிறது. 2014இல் அமைச்சரவை அதற்குப் புதிய விளக்கம் தந்த பிறகும், யார் தாக்கப்பட்டாலும் துணைக்கு ஓடுவேன் என்று கூட்டணியில் கையெழுத்திட முடியாது. கொரிய மண்ணில் ஜப்பானியப் படைவீரர் மீண்டும் கால்வைப்பதை நினைத்துப்பார்க்கவே கொரியர்கள் தயாராக இல்லை. 2023 ஆகஸ்ட் 18 அன்று அமெரிக்காவின் கேம்ப் டேவிட்டில் அமெரிக்க, ஜப்பானிய, கொரியத் தலைவர்கள் மூவரும் வெளியிட்டதும் ‘கலந்துபேசும் வாக்குறுதி’தான், ஒரு ஆபத்து வந்தால் கலந்து பேசுவார்கள், அடுத்து என்ன என்பது அவரவர் விருப்பம். ஆனால் 2024 ஜூனில் தொடங்கிய முத்தரப்புக் கூட்டுப் பயிற்சியும், முன்பு சொன்ன ஏவுகணைத் தகவலும் நடக்கின்றன. எனக்கு இவை அறிக்கைகளைவிட நம்பத்தகுந்தவையாகத் தோன்றுகின்றன. ராடார் திரையின் முன் அமர்ந்திருப்பவருக்கு 1910ஐப் பற்றிக் கருத்து ஒத்துப்போக வேண்டியதில்லை.

சீனாவையும் சேர்த்த மூவர் மாநாடு ஒன்று உண்டு. 2008இல் ஜப்பானின் ஃபுகுஒகாவில் தொடங்கியது. சியோலில் அதற்குச் செயலகமும் இருக்கிறது. 2019க்குப் பின் நாலரை ஆண்டு கூடாமல் இருந்து 2024 மே மாதத்தில் கூடினார்கள். பாதுகாப்பைவிட மற்றவற்றையே அதிகம் பேசும் இடம் அது.

வாசகர், நாகர்கோவில்: யூனின் ஆட்சி கவிழ்ந்துவிட்டது. அவர் ஜப்பானோடு கட்டிய உறவும் கவிழுமா?

அப்படித்தான் பலரும் எதிர்பார்த்தார்கள். 2024 டிசம்பர் 3 இரவு ராணுவச் சட்டம் அறிவித்த யூன், 2025 ஏப்ரல் 4 அன்று பதவி நீக்கப்பட்டார். ஜூன் தேர்தலில் வென்ற லீ ஜே மியுங் எதிர்க்கட்சியில் இருந்தபோது, 2023 தீர்வை அவமானகரமானது என்று கடுமையாகச் சாடியவர். அப்படிப்பட்டவர் ஆகஸ்டில் வாஷிங்டனுக்குப் போகும் வழியில் முதலில் டோக்கியோவில் இறங்கினார். நாடு நாட்டுக்குக் கொடுத்த வாக்கைப் புரட்டுவது சரியல்ல என்று முந்தைய ஏற்பாடுகளை வைத்துக்கொண்டார். இஷிபாவோடு வெளியிட்ட கூட்டு அறிக்கை, இவ்விரு நாடுகளுக்கிடையே பதினேழு ஆண்டுகளில் முதலாவது. அமெரிக்காவின் புதிய இறக்குமதி வரி இரண்டு நாடுகளையும் ஒரே சமயத்தில் அழுத்தியதும் இதற்கு உதவியது. அக்டோபரில் தகாய்ச்சி பதவியேற்றபோதும் முறிவு வரும் என்றார்கள். சில நாள்களில் தென்கொரியாவின் கியோங்ஜுவில் நடந்த ஏபெக் என்ற ஆசிய-பசிபிக் பொருளாதார மாநாட்டில் லீயும் தகாய்ச்சியும் இயல்பாகவே சந்தித்தார்கள்.

ஆனால் அதே 2025இல் நடந்த இன்னொன்றையும் பாருங்கள். ஜப்பானின் சாடோ தீவின் தங்கச் சுரங்கத்தில் போர்க்காலத்தில் சுமார் 1,500 கொரியர்கள் வேலை வாங்கப்பட்டார்கள். 2024 ஜூலையில் புதுதில்லியில் கூடிய யுனெஸ்கோ குழு அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது, உழைத்தவர்கள் அனைவருக்கும் ஆண்டுதோறும் நினைவஞ்சலி நடத்துவதாக ஜப்பான் ஒப்புக்கொண்டிருந்ததால் கொரியா எதிர்க்கவில்லை. முதல் ஆண்டு அஞ்சலிக்கே கொரியா வரவில்லை. புதிய அதிபர் வந்த பிறகு இரண்டாம் ஆண்டும் வரவில்லை. செப்டம்பரில் ஜப்பானியர்கள் தனியாக அஞ்சலி செலுத்தினார்கள், நவம்பரில் கொரியக் குடும்பங்கள் தீவுக்கு வந்து தனியாக அஞ்சலி செலுத்தின. அஞ்சலி உரையில் அந்த உழைப்பின் கட்டாயத் தன்மையை எந்தச் சொல்லால் குறிப்பது என்பதில் இரு அரசுகளும் ஒத்துப்போகவில்லை.